கல்லில் இடம் கேட்ட பெரியம்மா

திமிராம்! யாருக்குத் திமிர், கடிவாளத்தாருக்கா? கழுதைக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு சங்கத்தையே உதறிவிட்டுப் போன கிறுக்கர் என்று அந்த இஸ்திரிக் கடை அம்மாள் சொன்னால், நீங்களும் அதை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வதா? அவள் சட்டையை வேண்டுமானால் சுருக்கமில்லாமல் தேய்ப்பாள். செய்தியைத் தேய்க்க ஆரம்பித்தால் இரண்டு இடத்திலாவது பொசுக்காமல் விடமாட்டாள்.

முதலில், அது கழுதை இல்லை. கோவேறு கழுதை. அம்மா குதிரை, அப்பா கழுதை, பிடிவாதம் மட்டும் சொந்தச் சம்பாத்தியம். இரண்டாவது, அவர் எதையும் உதறவில்லை. எழுந்தார், தொப்பியைத் தலையில் வைத்தார், கதவைத் திறந்தார், போனார். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை. அறைந்தது காற்று. காற்று செய்த காரியத்துக்கு இத்தனை வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, நாற்சந்தியில், பழைய படைவீரர் சங்கத்தின் நினைவுச்சின்னம் என்று ஒரு கருங்கல் தூண் நிற்கிறதே, டாக்சிக்காரர்கள் முதுகைச் சாய்த்துக்கொண்டு சவாரிக்குக் காத்திருக்கிறார்களே, அதை ஒருநாள் நின்று பாருங்கள். துப்பாக்கி இருக்கும். தந்திக் கம்பி இருக்கும். லாரிச் சக்கரம் இருக்கும். ஏன், ஒரு கரண்டிகூட இருக்கும். கரண்டிக்கு இடம் கொடுத்த கல்லில் பெரியம்மா என்ற அந்தக் கோவேறு கழுதைக்கு இடம் இல்லாமல் போனது. அதுதான் விஷயம்.

கடிவாளம் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. சங்கத்தில் வைத்த பட்டப்பெயர் தபால்காரர் வாய் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. மரியாதைக்குக் கடிவாளத்தார் என்பார்கள். படையில் அவர் சுமைப் பிரிவு. லாரி ஏறாத மலையில், ஆளே பக்கவாட்டில் நடக்கவேண்டிய பாதையில், கோவேறு கழுதைகளின் முதுகில் ரொட்டி, மண்ணெண்ணெய், தோட்டாப் பெட்டி, போர்வை எல்லாவற்றையும் மேலே கொண்டுபோக வேண்டும். காயம்பட்டவர்களைக் கீழே கொண்டுவர வேண்டும். அவர் மலையை விட்டு இறங்கிவிட்டார். அந்த வேலை மட்டும் அவரை விட்டு இறங்கவே இல்லை.

சுமை இரண்டு பக்கமும் சமமாக இருக்கவேண்டும் என்பது அந்த வேலையின் முதல் பாடம். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரியும். சேணம் சரிந்தால் எல்லாம் பள்ளத்தில். அதனால் ஒரு கிலோ உருளைக்கிழங்கு வாங்கச் சொன்னால் அரைக் கிலோ அரைக் கிலோவாக இரண்டு பையில் வாங்கி, கைக்கு ஒன்றாகத் தூக்கி வருவார். ஒருமுறை மனைவி தெரியாத்தனமாக ஒரே ஒரு பூசணிக்காய் வாங்கிவரச் சொல்லிவிட்டாள். மனிதர் ஒரு கையில் பூசணிக்காயும் மறு கையில் ஒரு செங்கல்லுமாகத் தெரு முழுக்க நடந்து வந்தார்.

"செங்கல் எதுக்குங்க?"

"பூசணிக்காய்க்கு."

"கட்டட வேலை நடக்கிற இடத்துலேருந்து எடுத்தீங்களா? ஐயோ, எடுத்த இடத்துலயே வச்சுட்டு வாங்க."

ஒற்றைச் செங்கல்லை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று அவர் சாயங்காலம் வரை வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தார்.

இரண்டாவது பாடம், மிருகத்தின் பின்னால் சத்தமில்லாமல் போகக் கூடாது. கையை அதன் உடம்பில் வைத்து, "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே கடக்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், சமையலறையில் நிற்கிறவளின் தோளைத் தொட்டு "நான்தான், நான்தான்" என்று அவர் போவதும் வருவதுமாக இருந்தபோது அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு பழகிப்போயிற்று. "வேற எந்தப் புருஷன் சொல்லிட்டு வர்றான்?" என்று பெருமையாகக்கூடச் சொல்வாள்.

படையிலிருந்து வந்தபிறகு நகராட்சியில் குப்பை லாரி ஓட்டினார். லாரியைக் கிளப்புமுன் அதன் மூக்கை இரண்டு தட்டுத் தட்டுவார். எல்லாம் சரி, ஆனால் பின்பக்கமாக ஓட்டவே மாட்டார். மலைப்பாதையில் கோவேறு பின்னோக்கி நடக்காது, நடக்கவும் விடக்கூடாது. அதனால் முட்டுச்சந்துகளின் வாயில் லாரியை நிறுத்திவிட்டு, உள்ளே நடந்துபோய், ஒவ்வொரு வீட்டுத் தொட்டியாகத் தூக்கிவருவார். அதுவும் இரண்டு இரண்டாக. மேலதிகாரி தலையில் அடித்துக்கொள்வார். முட்டுச்சந்துக்காரர்கள் மட்டும் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், தொட்டியை அவர்கள் வாசலுக்குக் கொண்டுவரவே வேண்டியிருக்கவில்லை பாருங்கள்.

இப்போது பெரியம்மாவுக்கு வருவோம்.

அவர் கையில் கொடுக்கப்பட்ட கோவேறு கழுதைக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் வீட்டில் கட்டாயம் ஒரு பெரியம்மா இருந்திருப்பார். அவள் கிளம்பினால்தான் வரிசை கிளம்பும். அவள் நின்றால் படையே நிற்கும். அதட்டினால் காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, நீ யாருடா என்னைக் கேட்க என்று ஒரு பார்வை பார்ப்பாள். கடிவாளத்தார் மட்டும், "வாங்க பெரியம்மா, இன்னும் ரெண்டே வளைவுதான்" என்று நயமாகச் சொல்வார். தினமும் அதே பொய். அவளும் தினமும் அதை நம்பினாள், அல்லது நம்பின மாதிரி நடந்தாள். அவள் முதுகில் எத்தனை பேர் உயிரோடு கீழே இறங்கினார்கள் என்பது அந்த மலைக்குத்தான் வெளிச்சம்.

சண்டை ஓய்ந்து படை இறங்கியபோது ஆட்களை ஏற்றிப்போக லாரி வந்தது. மிருகங்கள் அடுத்த லாரியில் என்றார்கள். அடுத்த லாரி என்று ஒன்று வரவே இல்லை. லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டிய இடத்தில் நின்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதற்கு மேல் அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி கேட்டதும் இல்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பழைய பிரிவைச் சொல்லவேண்டும். "தந்திப் பிரிவு, ஆஜர்!" என்பார் செயலாளர், தந்திக்காரர். "சமையல் பிரிவு, ஆஜர்!" என்பார் சமையல்காரர், தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு. கடிவாளத்தார் எழுந்து, "சுமைப் பிரிவு, ரெண்டு பேர், ஆஜர்!" என்பார்.

"ஒருத்தர்னு சொல்லுங்க" என்பார் தந்திக்காரர்.

"ரெண்டு பேர்."

"இன்னொருத்தர் எங்கய்யா?"

"நீங்க லாரி அனுப்பலையே."

மாதாமாதம் இதே பேச்சு. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவும் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

சங்கத் தலைவர் அந்தக் காலத்துக் கேப்டன். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடவேண்டும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி அடுக்குவார். ஆனால் அவர் உட்காரும் நாற்காலியில் மட்டும் ஒரு மெத்தை இருக்கும். மலையில் பின்பக்கத்தில் குண்டுச் சில்லு பாய்ந்த இடம், இன்னும் வலிக்கிறது என்பார். பள்ளிக்கூட விழாக்களில் அந்தச் சில்லு பாய்ந்த கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்கும்.

சில்லாவது மண்ணாவது! அன்றைக்குப் பக்கத்து மலையில்கூட வெடிச்சத்தம் கிடையாது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் பெரியம்மா நின்றுவிட்டாள். கேப்டனுக்கு இளவயசு, அவசரம். "கெஞ்சிட்டா நிக்கிற? தள்ளு" என்று கடிவாளத்தாரை ஒதுக்கிவிட்டு, அவள் பின்னால் போய்க் கையிலிருந்த தடியால் ஓங்கி ஒரு போடு போட்டார். "நான்தான், நான்தான்" என்று சொல்லவில்லை. அவள் திருப்பிப் போட்டாள், ஒரே ஒரு உதை. அவ்வளவுதான், கேப்டனுக்கு உட்காரும் யோகம் போயிற்று. அந்த வளைவுக்கு அப்பால் பாதை சரிந்திருந்தது, அதனால்தான் நின்றாள் என்று கடிவாளத்தார் அடித்துச் சொல்வார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. சரிந்திருக்கும் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன், என்ன குறைந்துவிடப் போகிறது?

உதைத்தவளே சுமந்தாள். கேப்டனைக் குப்புறப் போட்டு அவள் முதுகில் கட்டி, பனியில் மலை முழுக்க இறக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில், தொங்கிக்கொண்டிருந்த தலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதே."

"எதைங்க ஐயா?"

"அதைத்தான்."

"சரிங்க ஐயா."

சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னார், மனைவியிடம் சொல்வது வெளியே சொன்னதாகாது என்பது அவர் கட்சி. அவளும் சங்கத்து ஆட்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு எப்படி இங்கே வந்தது என்றால், துணி உலர்த்தும் கயிற்றுக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். கேப்டனும் இப்போது இல்லை. இனி அவரை யாரும் அந்த இடத்தில் உதைக்க முடியாது.

நினைவுச்சின்னம் வைப்பதென்று முடிவானதும், தூணின் நடுவில் சங்கத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அடையாளம் செதுக்கலாம் என்று தந்திக்காரர்தான் யோசனை சொன்னார். அதில் எந்தத் தகராறும் இல்லை. கல் கொத்துகிறவர் வந்து கல்லைத் தட்டிப் பார்த்தார். தந்திக்குக் கம்பி, லாரிக்குச் சக்கரம், சமையலுக்குக் கரண்டி என்று வரிசையாக ஒப்புக்கொண்டு வந்தார்கள்.

"சுமைப் பிரிவுக்கு?" என்றார் கல் கொத்துகிறவர்.

"பெரியம்மா" என்றார் கடிவாளத்தார்.

கேப்டன் மெத்தையில் நெளிந்தார். "நினைவுச்சின்னத்துலே கழுதையா?"

"கழுதை இல்லீங்க ஐயா. கோவேறு."

"ஊர் சிரிக்கும்யா."

"கரண்டிக்குச் சிரிக்காத ஊரா?"

சமையல்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு அந்தப் பேச்சை ஒத்திப்போட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் ஒத்திப்போட்டார்கள். கடிவாளத்தார் ஒற்றைக்காலில் நின்றார். கேப்டனுக்கு வெளியே சொல்ல முடியாத பயம். அவள் கல்லில் ஏறினால் பார்க்கிறவர்கள் இவள் யார் என்பார்கள். இவர் சொல்ல ஆரம்பிப்பார். எங்கே போய் முடியும்? இது புரிந்தது கடிவாளத்தாருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான்.

இதற்கிடையில் சமாதானத் தூது வந்தது. தந்திக்காரர் வீட்டுக்கே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஒரு லாடம் போட்டுடலாமே. லாடம்னா அழகா இருக்கும், அதிர்ஷ்டமும்கூட" என்றார்.

"காலு எங்கேங்க?"

"காலு எதுக்கு?"

"உங்க நினைவா உங்க செருப்பை மட்டும் வச்சா சம்மதமா?"

தந்திக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "சரி, குதிரையா போட்டுட்டா? காதைக் கொஞ்சம் குட்டையாக்கினா முடிஞ்சது. கம்பீரமாவும் இருக்கும்."

"குதிரை அந்த மலையில ஏறிடுமா? குளம்பு வச்ச ரெண்டாவது நிமிஷம் அழுதுடும்."

கல் கொத்துகிறவர் தனியாக வந்து இன்னொரு வழி சொன்னார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தூணின் அடிப்பாகம் மண்ணுக்குள் போய்விடும். அதில் உங்கள் இஷ்டப்படி பெரியம்மாவைச் செதுக்கித் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்றார். மனைவிக்கு அது பிடித்துப் போயிற்று. "ஏங்க, ஊரே அவ முதுகுல நிக்கிற மாதிரி இருக்குமே" என்றாள்.

"ஏற்கெனவே சுமந்தது போதும்" என்றார் அவர். "அவளை ஒருதடவை விட்டுட்டு வந்தாச்சு. இன்னொரு தடவை குழி தோண்டி வேற விட்டுட்டு வரணுமா?"

இதற்குள் இஸ்திரிக் கடை அம்மாள் வேலையைத் தொடங்கியிருந்தாள். அவர் சொந்தப் பெரியம்மாவுக்குச் சிலை கேட்கிறாராம் என்று முதல் வாரம். அந்தப் பெரியம்மாவுக்குக் காது நீளமாம் என்று அடுத்த வாரம்.

கடைசிக் கூட்டத்துக்கு மண்டபம் நிரம்பியிருந்தது. திறந்துவைக்க வரும் பெரிய மனிதருக்கு நாள் கொடுத்தாயிற்று. அன்றைக்கு முடிவு செய்தே ஆகவேண்டும். கல் கொத்துகிறவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு டீ போட்டு எடுத்துவருவது உறுப்பினர்களின் வீட்டுப் பெண்களுக்கு முறைவைத்து வரும். அன்றைக்குக் கடிவாளத்தார் மனைவியின் முறை. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த தன் வீட்டுப் பெரிய பித்தளைக் கெட்டிலை இரண்டு கையாலும் பிடித்து வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள்.

கேப்டன் எழுந்தார். "நண்பர்களே, இது விளையாட்டு இல்லை. ரத்தம் சிந்தினவங்களுக்காக வைக்கிற கல். நானும் அந்த மலையிலே ரத்தம் சிந்தினவன்" என்று சொல்லும்போதே அவர் கை தானாக மெத்தைப் பக்கம் போயிற்று. கைதட்டினார்கள். "கல்லுலே இடம் கொஞ்சம்தான் இருக்கு. அந்த மிருகம் உள்ளே வந்தா வேற ஏதாவது ஒண்ணு வெளியே போயாகணும்." இதைச் சொன்னபோது அவர் சமையல்காரரைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

சமையல்காரர் முந்தினநாள்தான் கடிவாளத்தாரிடம், "அண்ணே, என் கை உங்களுக்குத்தான்" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தார்.

"கை தூக்குறதுக்கு முன்னாடி" என்று கேப்டன் தொண்டையைச் செருமினார், "கடிவாளம், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

முறைப்படி கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் கேட்டவர் முகத்தில் ஈயாடவில்லை. மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும், மண்டபமே புரண்டு புரண்டு சிரிக்கும், கைகளெல்லாம் தானாக மேலே போகும், பெரியம்மா கல்லில் ஏறிவிடுவாள். கடிவாளத்தார் மனைவி கெட்டிலைச் சாய்த்தபடியே நின்றுவிட்டாள். தந்திக்காரரின் கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, டீ அவர் மடியில் ஓடியது. அவர் ஆவென்று கத்தியதுகூட அவள் காதில் விழவில்லை. சொல்லுங்க, சொல்லிடுங்க என்று அவள் கண் அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

கடிவாளத்தார் எழுந்தார். கேப்டனைப் பார்த்தார். கல் கொத்துகிறவர் மடியிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"சொல்ல ஒண்ணும் இல்லீங்க ஐயா. சுமைப் பிரிவுக்கு ஒரு இடம் கேட்டேன். அவ்வளவுதான்."

கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்பதற்குச் சமையல்காரரின் கை பாதிவரை எழும்பி, கரண்டி ஞாபகம் வந்ததும் வழியில் திரும்பித் தலையைச் சொறிந்துகொண்டது. இன்னும் இரண்டொரு கைகள் மூக்கைத் தடவின, காலரைச் சரிசெய்தன. தைரியமாக நேராக நின்ற கை கல் கொத்துகிறவருடையது. "நீங்க உறுப்பினர் இல்லையே" என்று தந்திக்காரர் ஈர வேட்டியோடு எழுந்து அதை இறக்கவைத்தார்.

அப்போதுதான் கடிவாளத்தார் தொப்பியை எடுத்தார்.

"கூட்டம் இன்னும் முடியலை" என்றார் கேப்டன்.

"உங்களுக்கு முடியலைங்க. எனக்கு முடிஞ்சுது. அவளுக்கு இடமில்லாத சங்கத்துலே சுமைப் பிரிவு எதுக்கு?"

நடந்தார், கதவைத் திறந்தார், வெளியே போனார். பின்னாலேயே மனைவி, பாதிப்பேருக்கு டீ ஊற்றாமலே, கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாள். இருவரும் வெளியேறிய பிறகுதான் அந்தக் காற்று வந்து கதவை அறைந்தது. மறுபடியும் சொல்கிறேன், காற்று.

படியில் இறங்கியதும் அவள் பொருமித் தீர்த்தாள். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ இன்னிக்குக் கல்லுல நின்னிருப்பா. உங்க வாயை யாரு தச்சு வச்சா?"

அவர் பதில் சொல்லுமுன் கதவு மறுபடி திறந்தது. கேப்டன் வெளியே வந்தார், தனியாக. தொப்பி இல்லை, அதிகாரம் இல்லை, வேர்த்துப்போயிருந்தார். தாழ்ந்த குரலில், "என் மானத்தைக் காப்பாத்திட்டேய்யா. சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்" என்றார்.

"உங்களுக்காக இல்லீங்க ஐயா" என்றார் கடிவாளத்தார். "நான் சொல்லியிருந்தா அவ கல்லுல ஏறியிருப்பா. ஆனா ஏறினவ யாரு? கேப்டனை உதைச்சவ. பார்க்கிறவன் எல்லாம் சிரிச்சுட்டுப் போவான். அவ சுமந்ததை எவனும் கேட்கமாட்டான். அப்படி ஒரு பேரோட அவ அங்கே நிக்க வேண்டாம்."

பித்தளைக் கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கேப்டனின் பார்வை அதில் போய் நின்றது. உள்ளே அவருக்கும் இன்னும் டீ வந்திருக்கவில்லை.

"தங்கச்சி," என்றார் மெதுவாக, "அந்த டீயாவது..."

"இது எங்க வீட்டுக் கெட்டிலுங்க" என்றாள் அவள். ஒரு கைப்பிடியை அவள் பிடித்துக்கொண்டாள், மறு கைப்பிடியைப் புருஷனிடம் நீட்டினாள். இரண்டு பேருமாகத் தெருவில் இறங்கி நடந்தார்கள்.